கோடாலியின் வாய்

கிணறு இறைத்த அன்று
கடைசி வாளிச் சேற்றோடு வந்தது.
கல்லென்று நினைத்து
வேலியோரம் எறிந்தான் சுகிர்தன்.
விழுந்த சத்தம் கல்லினதாக இல்லை.

கோளாவிலில் இந்த வளவை வாங்கி
ஒன்பது வருசம்.
எங்களுக்கு விற்றவருக்கும்
தனக்கு முன்னம் இருந்தது ஆரென்று தெரியாது.
கிணற்றுக்குத் தெரிந்திருக்கும்.
அது தந்தது இவ்வளவுதான்:
பிடியில்லாத ஒரு கோடாலித் தலை,
கறள் பொருமி, அடுக்கடுக்காய் உரிந்து,
பிடி நுழையும் கண்ணுக்குள்
நத்தையொன்று குடியிருந்து விட்டுப்போன ஓடு.

"பழைய இரும்புக்காரன் வந்தா குடுங்கா,
ரெண்டு பிளாஸ்டிக் கோப்பையாவது தருவான்"
என்றாள் பக்கத்து வளவு மங்கையர்க்கரசி.
சிலிண்டர் முடிந்து பத்து நாள்.
வாங்கிப்போட்ட பாலைக் கட்டைகள்
பிளக்க ஆளில்லாமல் கிடந்தன.
நான் குடுக்கவில்லை.

அக்கரைப்பற்றில்
ஆணியும் அரிசியும் ஒன்றாய் விற்கிற
மஃறூப் காக்காவின் கடையில்
மூன்று போத்தல் வினாகிரி கேட்டேன்.
"அச்சாறு போடவா?"
"கோடாலிக்கு."
அவர் சிரிக்கவில்லை.
கம்பி பிரஷ் ஒன்றும் அரம் ஒன்றும் எடுத்து வைத்தார்.
"மெசினில மட்டும் புடிக்காதீங்க.
சூட்டில நீலம் பூத்தா இரும்பு செத்திரும்."

இரண்டு இரவு
பெயின்ற் வாளிக்குள் குமிழி விட்டபடி இருந்தது.
தவளையாக்கும் என்று
சின்னவன் டோர்ச் அடித்துப் பார்த்தான்.
மூன்றாம் நாள் வாளியில் கறுத்த சாயத் தண்ணீர்.
உரசினேன். அப்பச்சோடாவில் கழுவினேன்.
திரும்பவும் உரசினேன்.
மத்தியானச் சோற்றில்கூட இரும்பு மணத்தது.

உள்ளே இருந்தது
அம்மை வார்த்து எழும்பின முகம்.
பின்மண்டை காளான் போல விரிந்திருந்தது.
இதால் கட்டை அறைந்திருக்கிறார்,
மாடு கட்டவோ, வேலிக்கோ.
சுத்தியல் வாங்கக் காசில்லாத ஆளோ
தேடி எடுக்கப் பொறுமையில்லாத ஆளோ.

மறுகாதான் வாயைப் பார்த்தேன்.
ஒரு கன்னம் மட்டும் தேய்ந்து
கூர் சரிந்து கிடந்தது.
ஓங்கிப் பார்த்தால் என் கைக்குச் சரிவரவில்லை.
இடக்கைக்கு மாற்றினேன்.
சரிவு நேராகிவிட்டது.

அன்று பின்னேரம் முழுக்க
அரத்தை எடுக்காமல் இருந்தேன்.
இடக்கையால் கொத்திய ஒருவர்,
ஆணோ பெண்ணோ,
இந்த வளவில் வைத்துவிட்டுப் போனது
இந்தச் சரிவு ஒன்றைத்தான்.
அதை நேராக்கினால்தான்
என் வீட்டில் உலை கொதிக்கும்.

இரண்டு நாள் அராவினேன்.
இரும்புத்தூள் கடதாசியில் கொட்டியது.
அதை எங்கே போடுவதென்று யோசித்து,
கிணற்றுக்குள் போடலாமா என்றும் யோசித்து,
கடைசியில் முருங்கைக்கு அடியில் தட்டினேன்.
இரும்புச்சத்து நல்லதாம்.

"பிடிக்கு என்ன செய்யப்போறாய்?" என்றான் சுகிர்தன்.
குலத்தைக் கெடுக்கிற கோடாலிக்காம்பு என்று
இவனைக் கட்டின வருசம்
பெரியம்மா என்னை ஏசினது ஞாபகம் வந்தது.
அந்தக் காம்பு ஒன்றுக்கு
மரக்காலையில் அரை நாள் நின்றேன்.
விண்ணாங்குத் துண்டு,
போத்தல் கண்ணாடியால் சுரண்டி,
கண்ணில் இறக்கி ஆப்பு வைத்தோம்.

முதல் கொத்தில் கட்டை பிளக்கவில்லை.
இரண்டாவதில் கோடாலி சிக்கிக்கொண்டது.
மூன்றாவதில்
பாலை வாய் பிளந்து
உள்ளே செங்கல் நிறம் காட்டியது.
புட்டு அவிந்தது. இவ்வளவுதான் விசயம்.

இப்போது அது குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது.
பிடி கழன்றால் ஒரு இரவு தண்ணீரில் கிடக்கும்.
சனிக்கிழமை மங்கையர்க்கரசி இரவல் கேட்டாள்.
"பழைய இரும்பைத்தானே கேக்கிறாய்" என்றேன்.
சிரித்துக்கொண்டே கொண்டுபோனாள்.
திருப்பித் தரும்போது
வாயில் ஒரு பல் விழுந்திருந்தது.
"கல்லில பட்டிட்டு, ஏசாதகா."

ஏசவில்லை.
அரத்தைத் தேடினேன்.
அதைச் சின்னவன் எங்கேயோ வைத்துவிட்டான்,
இடக்கையால் எடுத்த எதையும்
எடுத்த இடத்தில் வைக்காத பயல்.